மலைநாட்டுப் பூக்களும் இரவு விளக்குகளும்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கி மலையேறும் புகையிரதம் தலவாக்கலையைக் கடந்ததும் அடுத்து வரும் சிறிய நிலையம் வட்டகொடை. அதற்கு அடுத்தது கிறேட் வெஸ்டர்ன். அதற்கும் மேலே நானுஓயா. வண்டி வட்டகொடையில் நின்றதும் சாளரங்களிலிருந்து ஒரே சமயத்தில் பல கமராக்களும் கைத்தொலைபேசிகளும் வெளியே நீளுவதை நாள்தோறும் காணலாம். சில நிமிடங்களில் வண்டி புறப்பட்டுவிடும். அதற்குள் எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: பச்சைச் சரிவு ஒன்று, கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர், மேலே கொஞ்சம் மேகம்.

இப்படங்களில் அகப்படாத இரண்டு காட்சிகள் எங்கள் மலைகளில் உண்டு. பருவந்தோறும் வந்து போகும் பூக்கள் ஒன்று. இருள் சூழ்ந்தபின் மலைச்சரிவுகளில் தோன்றும் விளக்குகள் மற்றொன்று. முன்னதைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும். பின்னதைக் காண்பதற்கு இரவில் இங்கே தங்கவேண்டும். சில நிமிடம் நின்று செல்லும் பயணிக்கு இவ்விரண்டும் வாய்ப்பதில்லை. இங்கே வாழ்கின்றவர்களுக்கோ இரண்டும் நாள்தோறும் வாசலில் வந்து நிற்கின்றன. இவற்றை எவ்வாறு படம் பிடிப்பது, எதற்காகப் படம் பிடிப்பது என்பன பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

பூவையும் இரவையும் ஒருசேரப் பேசுவது தமிழ் அறிந்தவர்களுக்குப் புதிதன்று. மலையும் மலைசார்ந்த இடமுமாகிய நிலத்துக்குக் குறிஞ்சி என்னும் பூவின் பெயரையே நம் முன்னோர் வைத்தனர். அந்நிலத்துக்கு உரிய சிறுபொழுது எது என்று கேட்டால், யாமம், அதாவது நள்ளிரவு என்பது தொல்காப்பியம் தரும் விடை. ஆகவே மலைநாட்டின் இயல்பை அறிய விரும்புகின்றவன் அதன் பூவையும் பார்க்கவேண்டும், அதன் இரவையும் பார்க்கவேண்டும்.

இவ்விரண்டையும் படம் பிடிப்பதில் உலகத்தாருக்கு இன்று முன்மாதிரியாக விளங்கும் தேசம் யப்பான். அங்கே வசந்தத்தில் சக்குரா மரங்கள் பூக்கும்போது நாடே கமராவுடன் வெளியே வந்துவிடுகின்றது எனலாம். அந்நாட்டு வானிலை நிலையத்தார் 1953ஆம் ஆண்டு முதல் இப்பூக்களின் வரவை முறையாக அவதானித்து வருகின்றனர். ஒவ்வொரு நகரிலும் ஒரு மாதிரி மரம் உண்டு. தோக்கியோ நகரின் மாதிரி மரம் யசுகுனி ஆலய வளவில் நிற்கின்றது. அம்மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்துவிட்டால் நகரில் சக்குரா பூத்துவிட்டது என்று அறிவிப்பர். தெற்கே கியூஷு தீவில் மார்ச்சு மாத இறுதியில் தொடங்கும் பூப்பு, படிப்படியாக வடக்கே நகர்ந்து மே மாதத் தொடக்கத்தில் ஹொக்கைடோவை அடையும்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. கியோத்தோ நகரில் சக்குரா முழுமையாகப் பூத்த நாட்கள் 9ஆம் நூற்றாண்டு முதலாகவே கணிக்கப்பட்டுள்ளன. அந்நாளில் கமராவும் இல்லை, வானிலை நிலையமும் இல்லை. அரசவையினரும் துறவிகளும் தம் நாட்குறிப்புகளில் 'இன்று பூ பார்க்கும் விழா நடந்தது' என்னும் பொருள்பட எழுதி வைத்தவற்றைக் கொண்டே பிற்கால அறிஞர்கள் அப்பட்டியலைத் தொகுத்தனர். 2021ஆம் ஆண்டில் அங்கே மார்ச்சு 26ஆம் நாளில் பூ முழுமையாக விரிந்தது. ஏறக்குறைய 1200 ஆண்டுகளின் பதிவில் அதுவரை காணப்பட்ட நாட்களுள் அதுவே மிக முந்தியது. பூமி வெப்பமடைகின்றது என்பதற்கு அறிவியலார் காட்டும் சான்றுகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. அழகை வியந்தவன் எழுதிய ஒரு வரி, பல நூற்றாண்டு கழித்து அறிவியலுக்கு உதவியதைக் கவனியுங்கள். இதற்குப் பின்னர் மீண்டும் வருவேன்.

இரவுக் காட்சிகளுக்கும் யப்பானியர் அவ்வாறே வரிசை வகுத்துள்ளனர். ஹக்கோடாத்தே, கோபே, நாகசாக்கி ஆகிய மூன்று நகரங்களின் இரவுத் தோற்றமே சிறந்தது என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு: நகரம் கீழே கடலோரத்தில் கிடக்க, அதன் அருகிலேயே ஒரு மலை நிற்கின்றது. ஹக்கோடாத்தே மலையின் உயரம் 334 மீற்றர்தான். அதன்மேல் நின்றால் இருபுறமும் இருண்ட கடல் நெருக்க, நடுவில் இடை சிறுத்த ஒளிப்பட்டையாக நகரம் தோன்றும். இரவுக் காட்சிக்கு மிகுதியான விளக்கு தேவையில்லை. விளக்குகளைக் கீழே வைத்துப் பார்க்க ஓர் உயரமும், அவற்றுக்கு வடிவம் தர இருளும் இருந்தால் போதும் என்பதை இது உணர்த்துகின்றது. உயரமும் இருளும் எங்கள் மலைநாட்டில் வேண்டிய அளவுக்கு உண்டு.

இனி எங்கள் பூக்களைப் பார்ப்போம். யப்பானில் பூப்பருவம் தெற்கிலிருந்து வடக்கே நகர்கின்றது என்றேன். எங்கள் சிறிய தீவில் தெற்குக்கும் வடக்குக்கும் இடையே வேறுபாடு அதிகமில்லை. வேறுபாடு உயரத்தில் இருக்கின்றது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 அல்லது 7 பாகை குறையும். ஆதலால் தலவாக்கலையில் காணும் பூ வேறு, 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காணும் பூ வேறு, ஹோட்டன் சமவெளியில் காணும் பூ வேறு. இதனோடு மழையின் கணக்கும் சேர்கின்றது. வட்டகொடை, தலவாக்கலை, ஹட்டன் ஆகிய மேற்குச் சரிவுப் பகுதிகளில் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவமழை கொட்டும். தை முதல் பங்குனி வரையுள்ள மாதங்களே பொதுவாக வானம் தெளிந்திருக்கும் காலம்.

அத்தெளிந்த காலத்தின் கடைப்பகுதியில் முள்முருக்கு பூக்கும். இலை உதிர்ந்த கிளை நுனிகளில் தீக்கொழுந்து போன்ற சிவந்த கொத்துகள் தோன்றும். சிங்கள மக்கள் இதனை எரபது என்பர். குயிலின் குரலும் எரபதுப் பூவும் சித்திரைப் புத்தாண்டின் கட்டியங்கள் என்பது அவர்கள் வழக்கு. நமக்கோ முருக்கம்பூ பண்டைப் புலவர்கள் காலந்தொட்டுப் பழக்கமானது. தேயிலை மலைகளில் நிழலுக்காகவும் பசுந்தழைக்காகவும் நடப்படும் முருக்க மரங்களை அடிக்கடி வெட்டிவிடுவதால் அவை பூப்பது குறைவு. வெட்டாமல் விடப்பட்ட மரம் எங்கே நிற்கின்றது என்பதை அறிந்தவர் உள்ளூரார்தாம். நுவரெலியாவிலோ அதே சித்திரையில் வசந்த விழா நடக்கும். விக்டோரியா பூங்காவில் மலர்கள் நிறைந்திருக்கும். 1861இல் சிங்கோனாப் பயிருக்கென நிறுவப்பட்டுப் பின்னர் பூந்தோட்டமாக வளர்ந்த ஹக்கலைப் பூங்காவும் அண்மையிலேயே உள்ளது.

இவை மனிதர் நட்டு வளர்த்தவை. மேலே ஹோட்டன் சமவெளியின் ஓரங்களிலும் உயர்ந்த மலைமுகடுகளிலும் தானாகவே வளரும் காட்டுப்பூவரசு உண்டு. முறுக்கிய தண்டும் தடித்த இலையும் இரத்தச் சிவப்பான பூங்கொத்துமாக, மஞ்சின் நடுவே நிற்கும் அம்மரம் கமராவுக்கு ஒரு விருந்து. அவ்விடத்திலேயே சிங்கள மக்கள் நெலு என்று அழைக்கும் செடிகள் அடர்ந்துள்ளன. அவை வேறெவையும் அல்ல; நம் குறிஞ்சியின் உறவுகளே. நீலகிரியிலும் மூணாற்றிலும் 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் மலைகளை நீலமாக்கிய குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. நெலுச் செடிகளிற் பலவும் அவ்வாறே பல ஆண்டு காத்திருந்து ஒருங்கே பூத்துப் பின் மடிகின்றவை. 2013ஆம் ஆண்டில் ஹோட்டன் சமவெளியில் அவை பூத்தபோது மக்கள் திரள் திரளாகச் சென்று கண்டனர். 1988 முதல் அது தேசியப் பூங்காவாதலால் அங்கே ஒரு பூவைக்கூடப் பறித்தலாகாது. படத்தை மட்டுமே கொண்டுவரலாம்.

இவற்றையெல்லாம் சொன்னபின் எங்கள் சொந்தப் பூவை மறந்தால் தகாது. தேயிலையும் பூக்கும். வெண்மையான சிறு இதழ்கள், நடுவில் பொன்னிறக் கேசரங்கள், நெருங்கினால் மெல்லிய மணம். ஆயினும் ஒழுங்காகக் கொழுந்து பறிக்கப்படும் செடியில் பூ அருமை. வாரத்துக்கு ஒருமுறை போலக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருப்பதால் செடியின் வலிமை முழுவதும் புதுத் தளிருக்கே போய்விடுகின்றது. பறிப்பும் கவ்வாத்தும் இன்றி விடப்பட்ட செடியிலேதான் பூ நிறையும். ஆகவே வெள்ளைப் பூ சொரிந்து நிற்கும் ஒரு தேயிலை மலையைக் கண்டால் வெளியூரார் 'என்ன அழகு' என்பர். தோட்டத்தில் பிறந்தவரோ 'இம்மலையை யாரும் பார்ப்பதில்லையே' என்று பெருமூச்சு விடுவர். படம் ஒன்றுதான், அதில் அழகைக் காண்பவர் ஒருவர், கைவிடப்பட்ட நிலத்தைக் காண்பவர் மற்றொருவர். படத்தின் கீழே ஒரு வரி எழுதாவிட்டால் இரண்டாமவர் கண்டது படத்தோடு சேராது.

பூக்களைப் படம் பிடிக்கும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். முதலாவது, மஞ்சை எதிரியாக எண்ணவேண்டாம். கொளுத்தும் வெயிலில் பூவின் ஒருபக்கம் வெளிறி, மறுபக்கம் கறுத்துவிடும். மஞ்சு படர்ந்த காலையிலோ வானம் முழுவதையும் மூடிய மேகம் ஒளியை மெல்லிய துணிபோல் வடிகட்டி எல்லாப் பக்கமும் சமமாகத் தருகின்றது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கமராவுக்குள் இருக்கும் ஒளியளவி, தன் முன்னால் உள்ள காட்சி சராசரியான சாம்பல் நிறமுடையது என்று எண்ணியே கணக்கிடுகின்றது. வெண்மஞ்சைக் கண்டு 'ஒளி மிகுதி' என்று மயங்கி, படத்தை இருளச் செய்துவிடும். ஆதலால் அது சொல்வதைவிட ஒரு படி, அதாவது இருமடங்கு ஒளி கூட்டிக் கொடுக்கவேண்டும். கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் பூவின் மேல் விரலை வைத்துக் குறிபார்த்தபின், தோன்றும் ஒளிக்குறியை மேலே சற்று நகர்த்தினால் போதும். முள்முருக்கு, காட்டுப்பூவரசு போன்ற செந்நிறப் பூக்கள் சட்டத்தை நிறைக்கும்போது ஒளியைச் சற்றுக் குறைப்பது நலம். இல்லையேல் இதழின் நரம்புகள் எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும்.

இரண்டாவது, காற்று. மலைக்காற்றில் பூக்காம்பு ஓயாமல் ஆடும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் செக்கனில் 250இல் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். பெரும்பாலும் விடிந்து ஒரு மணிநேரம் காற்று அடங்கியிருக்கும். பனித்துளியும் அப்போதே இதழில் நிற்கும். மூன்றாவது, நிற்கும் இடம். நின்ற உயரத்திலிருந்து குனிந்து எடுத்த பூப்படத்தில் மண்ணே பின்னணியாகும். பூவின் மட்டத்துக்குக் கமராவை இறக்கினால் மலையே பின்னணியாகும். அதற்காக ஈரப்புல்லில் மண்டியிடும்போது அட்டை ஏறும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். ஒரு பொட்டலம் உப்பு கையிலிருப்பது நல்லது.

இனி இரவுக்கு வருவோம். இரவுப் படம் என்றாலும் அதற்குச் சிறந்த வேளை நள்ளிரவு அன்று. ஞாயிறு மறைந்தபின் வானத்தில் ஆழ்ந்த நீலம் சிறிது நேரம் தங்கும். அந்நீலம் மலையின் விளிம்பைக் காட்டும். அதே வேளையில் விளக்குகளும் ஒளிரத் தொடங்கியிருக்கும். இரண்டும் சமமாக இருக்கும் பொழுதே பொன்னான பொழுது. நிலநடுக்கோட்டை அடுத்த நம் நாட்டில் ஞாயிறு ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி விரைவில் முடிந்துவிடுகின்றது. தோக்கியோவில் கிடைக்கும் அந்தியைவிட இது சில நிமிடங்கள் குறைவு. ஆகையால் பஞ்சாங்கம் காட்டும் மறைவு நேரத்திலிருந்து 15ஆம் நிமிடம் முதல் 30ஆம் நிமிடம் வரை என்று நினைவில் வைத்து, அதற்கு முன்பே முக்காலியை நாட்டிக் காத்திருக்கவேண்டும். மலைக்குப் பின்னால் வெயில் மறைவதைக் கொண்டு கணக்கிடுவது பிழை. மலை, ஞாயிற்றை முன்கூட்டியே மறைத்துவிடும்.

முக்காலி இல்லையானால் கல்லின் மேலோ மதிலின் மேலோ ஒரு சிறு மணல்மூட்டையை வைத்து அதன்மேல் கமராவை இருத்தலாம். துவாரம் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200, ஷட்டர் 8 முதல் 15 செக்கன் வரை என்று தொடங்கிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். விரலால் அழுத்தும்போது கமரா அசையும். எனவே இரண்டு செக்கன் தாமதித்து இயங்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்துக. போயா நாளில் நிலவொளி தேயிலைச் சரிவுகளையே வெளிச்சமாக்கும். முழுநிலவின் ஒளி ஞாயிற்றின் ஒளியில் ஏறக்குறைய 4 இலட்சத்தில் ஒரு பங்குதான். ஆயினும் ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்தால் தேயிலை நிரைகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் படத்தில் காணலாம். குளிரில் நின்ற கமராவை அடுப்பெரியும் வீட்டுக்குள் உடனே கொண்டுசென்றால் வில்லையில் நீர் படியும். வெளியில் நிற்கும்போதே நெகிழிப் பையொன்றில் போட்டுக் கட்டி, வீட்டில் அரைமணி நேரம் கழித்துத் திறக்கவேண்டும். இங்குள்ள ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிப்பதும் உண்டு. ஈரம் உறிஞ்சும் பொடியுடன் மூடிய பெட்டியில் வைப்பது அதற்கு மருந்து.

எங்கே நின்று எடுப்பது? தலவாக்கலை நகருக்கு மேலுள்ள மேடுகளில் நின்று பார்த்தால் கீழே நீர்த்தேக்கத்தில் நகர விளக்குகள் தலைகீழாக நெளிவதைக் காணலாம். அது யப்பானின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2012இல் தொடங்கப்பெற்ற மேல் கொத்மலைத் திட்டத்தின் நீர்த்தேக்கம். 150 மெகாவாற்று மின்சாரம் தரவல்லது. நுவரெலியாவில் 1873இல் அமைந்த கிரகறி வாவியின் கரையும், 1894இல் எழுந்த செங்கல் அஞ்சலகமும் சித்திரை விழாக் காலத்தில் ஒளிபெற்று விளங்கும். மார்கழிப் போயா முதல் வைகாசிப் போயா வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரிகர் ஏறும் காலத்தில், 2243 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் அடியிலிருந்து முடிவரை விளக்குச்சரம் ஒன்று தொங்குவதை நல்லதண்ணி, மஸ்கெலியா பக்கத்திலிருந்து காணலாம். மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும் இரவுகளும் உண்டு. கூத்தரின் முகத்தில் விழும் தீப்பந்த ஒளியைப் பிடிக்க விரும்புவோர், கமராவின் மின்னொளியைத் தயவுசெய்து அணைத்து வைக்கவேண்டும். அது தீப்பந்தத்தின் நிறத்தையும் கெடுக்கும், ஆடுவோரின் கவனத்தையும் கெடுக்கும். இரவுத் தபால் வண்டி வளைந்து செல்லும்போது ஷட்டரைத் திறந்து வைத்தால் மலையின் இடையில் ஒரு பொன்னிழை ஓடியதுபோல் படம் அமையும். அதனைத் தண்டவாளத்துக்குத் தொலைவில் மேட்டில் நின்றே எடுத்தல் வேண்டும். தண்டவாளத்தருகே படமெடுக்கப்போய் உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் இருக்கின்றனர்.

நேயர்களே, எவ்வாறு எடுப்பது என்று சொன்னேன். எதற்காக எடுப்பது என்ற வினா எஞ்சியிருக்கின்றது. அதற்கு விடை காண, இம்மலைகளை முன்னர் படம் பிடித்தவர்களை ஒருகணம் நினைக்கவேண்டும்.

உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞரான ஜூலியா மார்கறெட் கமரன் அம்மையார் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆம் வயதில் மகள் அளித்த பரிசாகவே அவர் கைக்குக் கமரா வந்தது. இங்கிலாந்தில் அறிஞர்கள், கவிஞர்கள் பலருடைய முகங்களை அழியாத படங்களாக்கிய அவர், 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். 1879 சனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலய வளவில் அவரது கல்லறை இருக்கின்றது. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கரைசல் பூசி, அது காயுமுன் படமெடுத்து, காயுமுன்னே கழுவவும் வேண்டிய காலம் அது. இந்த வெப்பத்திலும் ஈரத்திலும் அதனைச் செய்தது பெரிய சாதனை.

அப்படங்களில் இந்நாட்டுக் குடியானவர்களும் தோட்டத் தொழிலாளரும் நிற்கின்றனர். மிக உயர்ந்த கலை; அதில் ஐயமில்லை. ஆனால் 1878இல் எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்றுக்குத் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதே. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களின் படத்தின் கீழே பெயர் இருக்கின்றது. இங்கே நின்றவர்களின் பெயர் இல்லை. அதன்பின் வந்த படக்கடைக்காரர்கள் தேயிலைப் பெண்களை அஞ்சலட்டைகளில் அச்சிட்டு உலகெங்கும் விற்றனர். அவற்றிலும் கூடை தெரிகின்றது, கொழுந்து தெரிகின்றது, பெயர் தெரிவதில்லை. இம்மக்களின் வாழ்வை உள்ளிருந்தே எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்தது வட்டகொடையை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்தில் என்பது எங்களுக்குப் பெருமை. எழுத்தில் அவர் தொடங்கிய வேலை நிழற்படத்தில் இன்னும் நிறைவேறவில்லை.

என் வீட்டில் ஒரு பழைய படம் உண்டு. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்த உடன்படிக்கையின்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்குச் செல்லவேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் சின்னையா குடும்பமும் அப்பட்டியலில் இருந்தது. புறப்படுவதற்குச் சில நாள் முன்னர் எல்லோரும் நகரத்துப் படக்கடைக்குப் போய் ஒன்றாக நின்று எடுத்த படம் அது. அப்பாயி நடுவில் நாற்காலியில் இருக்கின்றார். பின்னால் ஒரு திரை. அத்திரையில் அரண்மனைப் படிகளும், தாமரைத் தடாகமும், எந்த நாட்டிலும் பூக்காத பூமரம் ஒன்றும் தீட்டப்பட்டிருக்கின்றன. அவர்கள் மூன்று தலைமுறையாக உழைத்த மலை அந்தப் படத்தில் இல்லை. லயத்து வாசலில் நின்ற முருக்க மரமும் இல்லை. சின்னையா பின்னர் திருச்சியிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில், 'அந்த மரம் இந்த வருசம் பூத்ததா?' என்று கேட்டிருந்தார். ஆம், பூத்தது என்று அப்பா பதில் எழுதினார். காட்டுவதற்குப் படம் ஒன்றும் எங்களிடம் இருக்கவில்லை.

அந்நாளில் ஒரு படம் எடுப்பதென்றால் நகரத்துக்கு நடக்கவேண்டும், பணம் கொடுக்கவேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். இன்று லயத்து இளைஞர்கள் பலருடைய கையிலும் கமரா இருக்கின்றது. அவர்களுக்கு நான் கூறுவன மூன்றே.

முதலாவது, பூவை எடுக்கும்போது நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். கைத்தொலைபேசி நாளைத் தானே குறித்துக்கொள்ளும். தோட்டத்தின் பெயரையும் மலையின் இலக்கத்தையும் நீங்கள் எழுதவேண்டும். ஒரே மரத்தை ஆண்டுதோறும் எடுத்து வாருங்கள். யப்பானில் அரசவையினரின் நாட்குறிப்பு செய்த வேலையை, மழை மாறிவரும் இக்காலத்தில், உங்கள் படங்கள் இம்மலைகளுக்குச் செய்யக்கூடும். எங்கள் பூக்களுக்கு வேறு பதிவேடு இல்லை.

இரண்டாவது, மனிதரை எடுக்கும்போது கேட்டு எடுங்கள், பெயரை எழுதுங்கள். 'கொழுந்து பறிக்கும் பெண்' என்று எழுதுவதற்கு வெளியூரார் போதும். இன்னாருடைய மகள், இன்ன தோட்டத்தின் இன்ன பிரிவில் இத்தனை ஆண்டு உழைத்தவர் என்று எழுத உங்களால்தான் முடியும். அவர் விரும்பாவிட்டால் கமராவைத் தாழ்த்திவிடுங்கள். விரும்பினால், எடுத்த படத்தின் பிரதி ஒன்றை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். கைத்தொலைபேசி பழுதானால் அதிலுள்ளதும் போகும். சுவரில் மாட்டிய படம் இருக்கும்.

மூன்றாவது, இரவை எடுக்கும்போது அவ்விளக்குகள் எவை என்பதை மறவாதீர்கள். கோபேயிலும் ஹக்கோடாத்தேயிலும் கீழே ஒளிர்வன கடைகளும் துறைமுகங்களும் நெடுஞ்சாலைகளுமாம். எங்கள் சரிவுகளில் ஒரே மட்டத்தில் வரிசையாக ஒளிரும் பத்துப் பன்னிரண்டு விளக்குகள் ஒரு லயம். ஒவ்வொரு விளக்கும் ஒரு காம்பிரா; அதற்குள் ஒரு குடும்பம். என் சிறுவயதில் அங்கே மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் தெரிந்தும் தெரியாமலும் மினுங்கும். இன்று மின்குமிழ்கள் தெளிவாக ஒளிர்கின்றன. அதே சரிவில் முன்பு பன்னிரண்டாக இருந்த விளக்குகள் இன்று ஒன்பதாக இருந்தால், அந்த மூன்று வீட்டார் எங்கே போயினர் என்று கேட்கத் தோன்றும். கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கலாம். புது வீடு கட்டிக் குடிபெயர்ந்திருக்கலாம். படம் விடை சொல்லாது. ஆனால் கேள்வியைக் காப்பாற்றி வைக்கும்.

அடுத்த தை மாதத்தில், மழை ஓய்ந்து வானம் தெளிந்த ஒரு மாலையில், உங்கள் தோட்டத்துக்கு மேலுள்ள மேட்டில் ஏறி நில்லுங்கள். கமரா இருந்தால் நன்று, இல்லாவிட்டாலும் குற்றமில்லை. நீலம் மங்கும்வரை காத்திருங்கள். முதல் விளக்கு எந்த வீட்டில் ஏற்றப்படுகின்றது என்பதைப் பாருங்கள். அவ்வீட்டாரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனைப் படத்தின் பின்புறத்தில் எழுதி வையுங்கள்.